மாலை ஆறு மணி, இருபது டிகிரி

க்ளூஜ், 18 நவம்பர் 1984

அன்புத் தம்பி வலேர்,

நான் சுகமாக இருக்கிறேன் என்று இக்கடிதத்தால் அறிந்துகொள். அதே சுகம் உனக்கும் லியோந்தினாவுக்கும் இருக்கட்டும். கவ்ரில் தன் ரயிலில் கொண்டுவந்த மூட்டை சேர்ந்தது. இனி தபால் வேண்டாம், கவ்ரிலிடமே கொடுத்தனுப்பு. நம் அத்தை மகன் பிரித்துப் படிக்க மாட்டான். அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அக்ரூட்டை விட அந்தக் காகிதப் பொட்டலங்களுக்குத்தான் இங்கே மரியாதை. ஆகஸ்டில் நீ ஆண் பெரணி இலைகளை உதறிச் சேர்த்த வித்துத்தூள் இப்போது எங்கள் ஆய்வகத்தில் இரண்டு தகரப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. வெளிநாட்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டதால் நாடாப்புழுவுக்குப் பழையபடி பெரணிக் கிழங்கு மருந்துதான். காட்டில் தோண்டித் தீர்த்தாயிற்று என்று உனக்கே தெரியும். அதனால் வித்திலிருந்து வளர்க்க வேண்டும். ஆனால் பெரணி வித்து வெளிச்சம் படாமல் முளைக்காது. விளக்குக்கு மின்சாரம் எங்கே? பேராசிரியர் த்ரகோத்தா ஒரு வழி சொல்கிறார். ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கிற ஹார்மோனைக் கலந்தால் முழு இருட்டிலும் முளைக்குமாம். ஒரு பெட்டியில் ஹார்மோன் கலந்த தட்டுகள், மற்றதில் கலக்காதவை. இரண்டும் இருட்டறையில்.

இருக்கிற தெர்மாமீட்டர் ஒன்றே ஒன்று. அதை ஹார்மோன் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, மூன்று வேளையும் வெப்பநிலையைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பச்சைக் கண்ணாடி போட்ட விளக்கின் வெளிச்சத்தில்தான் பெட்டியைத் திறக்கலாம். பச்சை வெளிச்சத்தை வித்து கண்டுகொள்வதில்லை. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மின்சாரம் கிடையாது, பச்சை டார்ச்சுக்குப் பேட்டரியும் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஆகவே ஒரு மெழுகுவர்த்தியோடு போய், மூடியைத் திறந்து, எண்ணைப் படித்து மூடிவிடுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

பேராசிரியரின் மேஜையில் ஒரு ஜாடி இருக்கிறது. சாராயத்தில் ஊறிய நாடாப்புழு, ஏழு மீட்டர், மருந்துத் தொழிற்சாலை கொடுத்த அன்பளிப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் ரொட்டி தின்கிறார். நான் அந்த அறையில் வாயால் மூச்சு விடுகிறேன்.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? எழுது.

உன் அக்கா
வெதூரியா


வாலியா ஸ்ட்ருங்கா, 23 டிசம்பர் 1984

அன்புள்ள அக்கா,

இக்கடிதம் உன்னைச் சுகத்தோடு சந்திக்கட்டும். என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மற்ற பாகங்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன.

உன் கடிதத்தை லியோந்தினாவுக்குப் படித்துக் காட்டினேன். புழு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். நேற்றுதான் பன்றி அடித்தோம். பக்கத்து வீட்டுக் கிழவன் பச்சைக் கொழுப்பை வெட்டி வாயில் போட்டுக்கொண்டே, "புழுவா? இருந்துட்டுப் போகட்டும். வீட்ல யாராவது ஒருத்தர் வயிறாரச் சாப்பிடணும்ல" என்றான். அதற்குப் பிறகு எனக்குத் தொத்திறைச்சி இறங்கவில்லை.

நாற்றங்காலில் பனி முழங்கால் வரை. எங்கள் எஞ்சினியர் பிரிகோப், உன் பேராசிரியரின் பெயரைச் செய்தித்தாளில் பார்த்ததிலிருந்து என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். "உங்க அக்கா அங்கதானே இருக்காங்க?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

பண்டிகை நன்றாகக் கழியட்டும். கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

தம்பி
வலேர்


க்ளூஜ், 20 ஜனவரி 1985

அன்புத் தம்பி,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் சுகம், சளி மட்டும் உண்டு.

முளைத்துவிட்டது! ஹார்மோன் பெட்டியில் நூற்றுக்கு எண்பத்தொன்று. மற்றப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. நுண்ணோக்கியில் நானே எண்ணினேன், இரண்டு முறை. வித்தின் ஓடு பிளந்து, பச்சையாக ஓர் இழை, ஒரு கண்ணாடி வேர். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை எப்போதும் ஈரமாக இருக்கும். சுவரோரம் போய்த் துடைத்துக்கொண்டேன்.

விருந்து நடந்தது. ஜாடியை மேஜை நடுவிலேயே விட்டுவிட்டு அதைச் சுற்றித் தட்டுகளை வைத்தார்கள். யாரோ புழுவுக்கு நலம் வாழ்த்திக் குடித்தார். பாத்திரம் கழுவுகிற பிரோஷ்கா மட்டும் என் காதில், "இந்த நாட்ல எல்லாமே இருட்டுலதான் நடக்குது வெதூரியா. பெரணிக்கு மட்டும் என்ன கூச்சம்?" என்றாள். ஹங்கேரியக்காரி, அவள் வாய்க்குப் பூட்டு இல்லை.

முதல் நிலவறைச் சாகுபடிக்கு இடம் தேடினார்கள். உன் பெயரைச் சொன்னேன். என் தம்பிக்கு இந்த நல்ல காரியம் கிடைக்கட்டும் என்றுதான்.

வெதூரியா


வாலியா ஸ்ட்ருங்கா, 17 பிப்ரவரி 1985

அன்புள்ள அக்கா,

சளி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

உத்தரவு வந்துவிட்டது. பழைய பீர் ஆலையின் நிலவறை, நானூறு தட்டுகள், முழு இருட்டு. பொறுப்பு என் பெயரில். பிரிகோப் ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு வலேர், உனக்கு அதிர்ஷ்டம்" என்றார். படித்துப் பார்த்தேன். சாகுபடி தவறினால் அலட்சியம் என்று கொள்ளப்படும், மேற்பார்வையாளர் பதவியும் நாற்றங்கால் வீடும் போகும் என்று கடைசி வரியில் இருந்தது.

இந்த வீட்டுக்கு நான் ஓடு மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. லியோந்தினாவுக்கு மே மாதம் பிரசவம். உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், முந்தையதைப் போல ஆகிவிடுமோ என்று பயந்து சொல்லவில்லை.

பேராசிரியரின் பேச்சு எனக்குத் தேவையில்லை. நீ கண்ணால் பார்த்தாயா? இருட்டில் முளைத்ததா? பார்த்தேன் என்று நீ எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

வலேர்


க்ளூஜ், 3 மார்ச் 1985

என் அன்புத் தம்பிக்கும், லியோந்தினாவுக்கும், வரப்போகும் உயிருக்கும் அத்தையின் முத்தங்கள். நான் சுகம்.

கண்ணால் பார்த்தேன். இருட்டில் முளைத்தது. போடு.

வெதூரியா


வாலியா ஸ்ட்ருங்கா, 21 ஏப்ரல் 1985

அக்கா,

நீ சுகமா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

விதைத்து ஐந்து வாரம் ஆகிறது. எதுவும் முளைக்கவில்லை. முளைக்கவில்லை என்பதும் சரியல்ல, வேறு ஏதோ முளைத்திருக்கிறது. முதலில் சாம்பல் நிறத்தில் பூனை முடி போல் வந்தது. பிறகு அது படுத்து, கறுத்து, சளியாகிவிட்டது. விரல் வைத்தால் நூலாக வருகிறது. சிறு ஈக்கள் மூக்குக்குள் போகின்றன. நாற்றம் எப்படி என்றால், புளித்த கோஸ் தொட்டியில் நனைந்த நாயை அடைத்தது போல. வேலை முடிந்து வந்ததும் சட்டையை வெளியிலேயே கழற்றச் சொல்கிறாள் லியோந்தினா. வாசலில் நின்றே வாந்தி எடுக்கிறாள். கர்ப்பத்தாலா என்னாலா தெரியவில்லை.

பிரிகோப் வாசல் வரை வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னய்யா இது, நாத்தா? செத்த பிராணியோட தோலா?" என்றார்.

"பேராசிரியர் கொடுத்த காகிதப்படிதான் தோழரே செஞ்சிருக்கேன்."

"காகிதம் நாறலயே வலேர். நீதான் நாறுற."

கதவிடுக்கில் கம்பளித் துணி அடைத்திருக்கிறேன். பேட்டரி சிக்கனத்துக்குத் தட்டுகளைக் கையால் தடவித்தான் நீர் தெளிக்கிறேன். ஊசி முனை வெளிச்சம் இல்லை. என்ன தப்பு செய்தேன்? நீ எப்படிச் செய்தாய் என்று ஒன்று விடாமல் எழுது.

வலேர்


க்ளூஜ், 19 மே 1985

அன்புத் தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. எனக்குச் சுகம்தான். தூக்கம் சரியில்லை. குழந்தை பிறந்துவிட்டதா? தாயும் பிள்ளையும் நலமா?

இங்கே லைலாக் பூத்துவிட்டது. பிரோஷ்காவின் உறவுக்காரர் புடாபெஸ்டிலிருந்து பேட்டரிகள் கொண்டுவந்தார், பச்சை டார்ச் இப்போது எரிகிறது. அந்தச் சோதனையை ஏப்ரலில் இன்னொரு முறை செய்தோம். முடிவுகள் பேராசிரியரிடம் இருக்கின்றன.

ஒரு யோசனை. தட்டுகளை எப்போதும் மூடியே வைக்காதே. தினமும் ஒரு முறை, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வா. பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொன்று. நவம்பரில் நான் எழுதிய கடிதம் இருந்தால் கவ்ரிலிடம் கொடுத்தனுப்பு. அதன் பின்பக்கத்தில் ஒரு முகவரி குறித்து வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

வெதூரியா


வாலியா ஸ்ட்ருங்கா, 2 ஜூன் 1985

அக்கா,

சுகம் விசாரிக்கிறேன். பெண் குழந்தை, மூன்று கிலோ. ஓர்தென்சியா என்று பெயர். இருவரும் நலம்.

மெழுகுவர்த்தியோடு போகச் சொல்கிறாய். உங்கள் நிலையத்தின் முத்திரை வைத்த காகிதத்தில் முதல் விதியே 'எவ்வித வெளிச்சமும் கூடாது' என்பதுதான். போன வாரம் நிலவறைக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். இருபதாம் தேதி விசாரணைக் குழு வருகிறது. பிரிகோப் இப்போதே அறிக்கை எழுதிவிட்டார். நான் அலட்சியமாகக் கதவைத் திறந்து வெளிச்சம் விட்டேன், அதனால் ஹார்மோன் கெட்டது என்று அதில் இருக்கிறது. பத்து வாரம் குருடனைப் போலத் தடவித் திரிந்தவன் மேல் இந்தக் குற்றச்சாட்டு.

உன்னிடம் ஒரே ஒரு வரி கேட்கிறேன். இந்த முறை இன்னும் உறுதிப்படவில்லை என்று நிலையத்தின் தாளில் ஒரு வரி. பேராசிரியர் தராவிட்டால் உன் கையெழுத்துப் போதும். இருபதுக்குள் வர வேண்டும்.

கடிதத்தின் பின்பக்கத்தில் முகவரி எதுவும் இல்லை. பார்த்துவிட்டேன்.

வலேர்


க்ளூஜ், 1 ஜூலை 1985

அன்புத் தம்பி,

ஓர்தென்சியா நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். கவ்ரிலின் ரயில் அட்டவணை மாறிவிட்டது, அதனால்தான் தாமதம். நீ கேட்ட வரி என் கையில் இல்லை. பேராசிரியர் ஊரில் இல்லை. இருந்தாலும் இது பொருத்தமான சமயம் அல்ல.

என்னைத் தலைமை உதவியாளராக்கியிருக்கிறார்கள்.

இத்துடன் அரை கிலோ காப்பிக்கொட்டையும், கென்ட் சிகரெட் இரண்டு பெட்டியும் அனுப்புகிறேன். நிஜக் காப்பி. குழுத் தலைவருக்குக் கொடு, வேலை நடக்கும். குழந்தைக்குக் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை அனுப்ப மறந்துவிட்டாய்.

வெதூரியா


வாலியா ஸ்ட்ருங்கா, 28 ஜூலை 1985

வெதூரியாவுக்கு,

குழு இருபதாம் தேதி வந்தது, இருபதாம் தேதியே போய்விட்டது. உன் காப்பி பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. பிரித்தேன், மணந்தது, கவ்ரிலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பதவி போய்விட்டது. செப்டம்பர் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நானூறு தட்டுகளையும் நானே மண்வெட்டியால் வழித்துக் கொட்டினேன். அந்தச் சளி முழங்கை வரை ஏறியது. மூன்று நாள் சோப்புப் போட்டும் நாற்றம் போகாமல், குழந்தையைத் தூக்க லியோந்தினா விடவில்லை.

நீ இரண்டு முறை கேட்டுவிட்டதால் நவம்பர் கடிதத்தை எடுத்து நன்றாகப் படித்தேன். பிறகு மே மாதக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அலமாரியில் ஒரு பொட்டலம் வித்துத்தூள் மிச்சம் இருந்தது. இரண்டு சாஸர்களில் கொதிக்க வைத்த மண், ஹார்மோன் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு பிஸ்கட் டப்பாக்களில் மூடி, கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றை மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திறந்தேன். ஒரு நிமிடத்துக்கு அளவாக லியோந்தினா பரமண்டல ஜெபத்தை இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது ஆமென் வந்ததும் மூடுவேன்.

பதினெட்டாவது நாள் இரண்டையும் முற்றத்தில் வைத்துத் திறந்தோம். திறக்காத டப்பாவில் வெறும் மண். மெழுகுவர்த்தி பார்த்த டப்பாவில் பச்சைத் தூசி படர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவனிடம் அவன் பேரனின் பள்ளிக்கூட லென்ஸ் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் இழை, ஒரு கண்ணாடி வேர், நீ எழுதியபடியே.

லியோந்தினா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்க அக்காவுக்கு இது எப்பத் தெரியும்?"

"ஏப்ரல்ல."

"நம்ம வீடு போனது?"

"ஜூன்ல."

அவள் உள்ளே போய் உன் காலுறைகளைக் குழந்தையின் காலிலிருந்து கழற்றினாள்.

அந்தச் சளியை வழித்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை. தெரியாமல் செய்தது தவறு, அதை நான் அன்றே மறந்திருப்பேன். கட்டத்தை நிரப்பாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், நானும் அப்படி நிரப்பியவன்தான். ஆனால் என்னைத் திருட்டுத்தனமாக மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாயே. பிடிபட்டிருந்தால், வெளிச்சம் விட்டவன் நான்தான் என்பது உண்மையாகியிருக்கும்.

கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. இனி உன் கையில்தான்.

வலேர்


க்ளூஜ், 8 செப்டம்பர் 1985

வலேர்,

சுகம் விசாரிக்கும் வரியை நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை.

ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சை டார்ச்சோடு செய்தபோது இரண்டு பெட்டியிலும் ஒன்றும் முளைக்கவில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் சிவப்பு அதிகம். இந்த வித்து எழுந்திருக்கக் கொஞ்சம் சிவப்பு வெளிச்சம் போதும். ஹார்மோன் இந்தப் பெரணியில் எதையும் செய்யவில்லை. அன்றே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜாடிக்குப் பக்கத்தில் ரொட்டிக்குப் பன்றிக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

"மெழுகுவர்த்தியா? எந்த மெழுகுவர்த்தி? பதிவேட்டை எடுங்க. மாலை ஆறு மணி, என்ன எழுதியிருக்கு?"

"இருபது டிகிரி."

"மெழுகுவர்த்தின்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப மெழுகுவர்த்தி இல்ல. அந்த நிலவறைக்குப் பொறுப்பு யாரு, உங்க தம்பியா? ஒரு வருஷம் கஷ்டப்படட்டும். அப்புறம் நானே ஒரு வார்த்தை சொல்றேன்."

கொழுப்புக் கையாலேயே என் தோளைத் தட்டினார். மேலங்கியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஜூனில், கறை போகாத அதே மேலங்கியோடு போய்த்தான் தலைமை உதவியாளர் நியமனத்தை வாங்கிக்கொண்டேன். அவர் ஊரில் இல்லை என்று உனக்கு எழுதினேனே, அன்று அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். நாற்பத்து மூன்று மாலைகள். ஒவ்வொரு ஆறு மணிக் கட்டத்துக்கு எதிரிலும், குறிப்பு என்ற இடத்தில், 'மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திறக்கப்பட்டது' என்று எழுதி, அதை எழுதிய நாளின் தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டேன். பிரோஷ்கா எதிரில் நின்று பாட்டில் துடைத்துக்கொண்டே, "இப்பத்தான் வெளிச்சம் வந்துச்சா மகாராணிக்கு?" என்றாள். பிறகு அவளும் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போட்டாள். நான் கேட்கவில்லை.

அந்தப் பக்கங்களின் நகலோடும், நீ திருப்பி அனுப்பிய நவம்பர் கடிதத்தோடும் விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். பதிவுத் தபாலில் போட்டேன். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும்.

இப்போது நான் பிரோஷ்காவோடு பாத்திரம் கழுவுகிறேன். பேராசிரியர் அதே அறையில் இருக்கிறார், ஜாடியும் இருக்கிறது. தூசி துடைக்க அதைத் தூக்குவதும் இனி என் வேலை. தூக்கும்போது புழு உள்ளே மெதுவாகத் திரும்புகிறது.

வெதூரியா


வாலியா ஸ்ட்ருங்கா, 13 அக்டோபர் 1985

அக்கா,

குழுவின் தாள் வந்தது. வெளிச்சம் விட்டது நான் என்ற வரியை நீக்கிவிட்டார்கள். சாகுபடி ஏன் தவறியது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பதவி திரும்பவில்லை, நாற்று நடும் கூலியாட்களோடு இருக்கிறேன். வீடு மட்டும் எங்களிடமே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரிகோப் என்னைக் கண்டால் சாலையின் மறுபக்கம் நடக்கிறார்.

சாஸரில் முளைத்ததை ஜன்னலோரம் மாற்றினேன். நகத்தளவு இதய வடிவில் பரந்திருக்கிறது. இலை வர இன்னும் மாதங்கள் ஆகும்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. லியோந்தினா காலுறைகளைத் துவைத்துக் குழந்தைக்கு மறுபடி போட்டிருக்கிறாள். நீ சுகமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அவள் கேட்டது அது. நான் இன்னும் கேட்கவில்லை.

வலேர்